உள்ளங்கைக்கு அடங்காத தக்காளி

பெரிய தக்காளி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் காயைப் பார்த்த பிறகுதான் கவலைப்படத் தொடங்குகிறார்கள். காய் இன்னும் பெருக்கவில்லையே, உரம் போதவில்லையோ, தண்ணீரைக் கூட்டலாமா என்று கேட்கிறார்கள். ஒரு துண்டு நறுக்கினாலே தட்டை நிறைக்கும் பெரிய ரகங்களை விதையிலிருந்து பல பருவங்களாக வளர்த்துவரும் எனக்கு, இந்தக் கேள்வி மிகவும் தாமதமாக வருவதாகவே படுகிறது. ஒரு தக்காளி எவ்வளவு பெரிதாகலாம் என்பது காய் பிடிப்பதற்கு முன்பே, மொட்டு கடுகளவு இருக்கும்போதே பெருமளவு முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு நம் வேலையெல்லாம் அந்த அளவை அது எட்டுவதற்கு இடையூறு வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

சந்தேகமிருந்தால் ஒரு பழத்தைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். சிறிய உருண்டைத் தக்காளியில் இரண்டு அல்லது மூன்று அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கூழும் விதையும் நிறைந்திருக்கும். பீஃப்ஸ்டேக் எனப்படும் பெரிய, சதைப்பற்றான வகையை வெட்டினால் அறைகளை எண்ணுவதே சிரமம். ஆறு, எட்டு, சிலவற்றில் பத்துக்கும் மேல். அவை ஒழுங்கான வட்டமாகவும் அமைந்திருக்காது. சிறிதும் பெரிதுமாக, வளைந்து நெளிந்து, இடையே தடித்த சதைச் சுவர்கள் ஓட, ஒன்றின் இடுக்கில் ஒன்று செருகிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அறையும் பூவின் சூலகத்தில், அதாவது பின்னர் காயாக மாறும் பகுதியில், இருந்த ஒரு சூலிலை. பூவில் எத்தனை சூலிலைகள் உருவாயினவோ, பழத்தில் அத்தனை அறைகள். பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் ஓர் அறைகூட அதிகமாகாது.

இந்த அறைக்கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. காட்டுத் தக்காளியான சொலானம் பிம்பினெல்லிஃபோலியம் பெரு, எக்வடார் நாடுகளில் இன்றும் தானாக முளைத்து வளர்கிறது. அதன் பழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுதான். உள்ளே இரண்டே அறைகள். அங்கிருந்து இன்றைய பெரிய பழம் வரை வந்து சேரச் சில மரபணு மாற்றங்கள் வழிவிட்டன. 2000ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்ஸ்லியின் குழு, பழத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவை அடையாளம் கண்டு பிரித்துக் காட்டியது. காயில் செல்கள் எவ்வளவு பெருக வேண்டும் என்பதோடு தொடர்புடையது அது. ஆனால் அறைகளைப் பெருக்கியவை வேறு இரண்டு மாற்றங்கள். வளர்நுனியில் ‘இவ்வளவு போதும்’ என்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு அவற்றால் தளர்ந்துவிடுகிறது. கட்டுத் தளர்ந்த நுனி அகலமாகிறது. அகன்ற நுனியில் உருவாகும் பூவில் இதழும் கூடுகிறது, சூலிலையும் கூடுகிறது. நாம் ஆசைப்படும் பருமன், செடியின் கணக்கில் ஓர் ஒழுங்கு மீறல். பெரிய தக்காளிக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்த மீறலில்தான் வேர்விட்டிருக்கின்றன என்று புரிந்துகொண்ட பிறகு, அவற்றின்மீது எனக்குக் கோபம் வருவதில்லை.

செடி பூக்கத் தொடங்கியதும் முதல் கொத்தின் முதல் பூவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வழக்கமான தக்காளிப் பூவில் ஐந்தாறு மஞ்சள் இதழ்கள்; நடுவில் கூம்பாகக் குவிந்த மகரந்தப்பைகள்; அந்தக் கூம்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு மெல்லிய சூல்தண்டு. பெரிய ரகங்களில் அந்த முதல் பூ சில சமயம் வேறு மாதிரி இருக்கும். காம்பு தட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும். இதழ்கள் பத்து, பன்னிரண்டு என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மகரந்தக் கூம்பு வாய் பிளந்திருக்க, அதிலிருந்து சூல்தண்டு பச்சை நாடாவைப் போல் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பல பூக்கள் ஒட்டிப் பிறந்து ஒரே பூவாக நிற்கும் நிலை அது. எடைப் போட்டிக்காக வளர்ப்பவர்கள் இதைத்தான் தேடி அலைகிறார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கோர்டன் கிரஹாம் என்பவர் 1986இல் மூன்றரைக் கிலோ எடையுள்ள தக்காளியை விளைவித்தார். ‘டெலிஷியஸ்’ என்னும் ரகம் அது. 2014இல் மினசோட்டாவில் விளைந்த 3.8 கிலோ பழம் வரும்வரை அந்தச் சாதனை நின்றது. நான் வளர்ப்பது நறுக்கிச் சாப்பிட. அந்த ஒட்டுப்பூ முதல் கொத்தில் தென்பட்டால் கிள்ளிவிடுவேன். அது காயானால் மடிப்பும் தழும்புமாக, பாதிக்குமேல் வெட்டி எறிய வேண்டிய பழமாக வளர்ந்து, இளஞ்செடியின் பலத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வாரக்கணக்கில் தொங்கும். அதற்கு அடுத்த பூக்கள்தான் எனக்கு வேண்டியவை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழி தக்காளிக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. முளைக்கும்போது வரும் வித்திலைகளுக்குப் பின் விரியும் உண்மையிலைகள் இரண்டு மூன்றோடு நாற்று தட்டில் நிற்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத அளவில் முதல் பூங்கொத்து வளர்நுனியில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கடுங்குளிர் பட்டால் சூலிலைகள் தாறுமாறாகப் பெருகி, பின்னர் பழத்தின் அடிப்பகுதி சுருங்கித் தழும்பேறி விகாரமாகிறது. சிறு பழ ரகங்களில் இது அபூர்வம். அறைகளைப் பெருக்கும் இயல்பு ஏற்கெனவே உள்ள பெரிய ரகங்களில்தான் அதிகம். ஆகவே நாற்றுப் பருவத்தை ஏதோ காத்திருப்பு நேரம் என்று நினைத்து ஒரு மூலையில் வைத்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். மொத்தப் பருவத்திலும் அதிகக் கவனத்துக்கு உரியது அந்தச் சில வாரங்கள்தான்.

விதைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். பலர் நடவு நாளிலிருந்து தொடங்குவார்கள். நான் பூவிலிருந்து தொடங்குவேன். தக்காளிப் பூ நன்றாகக் காய் பிடிக்க இரவு வெப்பம் ஏறக்குறைய 13 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பகல் 32 டிகிரியைத் தாண்டித் தகித்து, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். பெரிய ரகங்கள் இதில் இன்னும் நொய்மையானவை. உங்கள் ஊரில் அந்த இதமான இரவுகள் எந்த மாதங்களில் வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். விதைத்ததிலிருந்து முதல் பூக்கள் விரிய ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அந்த இரண்டரை மாதத்தைப் பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் கிடைத்துவிடும். பனி உறையும் ஊரானாலும் வெயில் கொளுத்தும் ஊரானாலும் கணக்கு ஒன்றே. பெரிய ரகங்கள் பெரும்பாலும் நடவு செய்து 75 முதல் 90 நாள் கழித்தே முதல் பழத்தைத் தரும் என்பதால் இந்தக் கணக்கில் அலட்சியம் கூடாது.

ரகம் என்று வரும்போது என் மனம் பழைய ரகங்களின் பக்கம்தான் சாய்கிறது. வீரிய ஒட்டு ரகங்களில் நோய் எதிர்ப்பு அதிகம் என்பதை மறுக்கவில்லை; நோய் நிலைத்துவிட்ட மண்ணில் அவைதான் கை கொடுக்கும். ஆனால் அவற்றின் விதையை எடுத்து மறுபடி போட்டால் அதே செடி வராது. பழைய ரகங்களில் வரும். ‘பிராண்டிவைன்’ என் விருப்பத்துக்குரியது. அதன் இலை தக்காளி இலையின் வெட்டுவிளிம்பு இல்லாமல் உருளைக்கிழங்கு இலையை ஒத்திருக்கும், பழம் இளஞ்சிவப்பு. ‘செரோக்கி பர்ப்பிள்’ பழம் மங்கிய ஊதா. 1990இல் டென்னசியைச் சேர்ந்த ஒருவர் அனுப்பிய, பெயரிடப்படாத ரகத்தின் விதையைத் தக்காளி ஆர்வலர் கிரெய்க் லெஹூலியர் வளர்த்துப் பார்த்து, பெயர் சூட்டிப் பரப்பினார். ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’ மேற்கு வர்ஜீனியாவில் வாகன ரேடியேட்டர் பழுதுபார்த்துவந்த, ‘ரேடியேட்டர் சார்லி’ என்று அழைக்கப்பட்ட பைல்ஸ் என்பவர் 1930களில் உருவாக்கத் தொடங்கியது. நடுவில் ஒரு செடியை வைத்து, சுற்றிலும் வேறு செடிகளை நட்டு, அவற்றின் மகரந்தத்தை நடுச்செடியின் பூக்களில் சேர்த்து, விதையெடுத்து, அதில் சிறந்ததை மறுபடி நடுவில் வைத்து என்று ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். அதன் நாற்றுகளை விற்றே தன் வீட்டுக் கடனை அடைத்தார். பெயர்க் காரணம் அதுதான்.

இவையெல்லாம் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும் கொடி வகைகள். குட்டையாக வளர்ந்து ஒரே மூச்சில் காய்த்து ஓயும் புதர் வகைகளுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகள் இவற்றுக்குப் பொருந்தா. பாக்கெட்டில் எது என்று பார்த்து வாங்குங்கள்.

விதையை அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் போட்டால் போதும். 21 முதல் 27 டிகிரி வெப்பத்தில் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். முளைப்பதற்கு வெப்பம் வேண்டும். முளைத்த பிறகு அதைவிட வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் நாற்று ஒரே நாளில்கூட வெளிறி நெட்டையாகிவிடும். முளைவிட்ட உடனே தட்டை வெளிச்சத்துக்கு மாற்றி, வெப்பத்தைச் சற்றுக் குறைத்துவிடுவேன். கலவையின் மேற்பரப்பு எந்நேரமும் ஈரமாகவே இருந்தால் நாற்றழுகல் வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து கறுத்து, நாற்று சாய்ந்துவிடும். வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அடியிலிருந்து தண்ணீர் ஊட்டுவதும், காற்றோட்டம் விடுவதும், தோட்ட மண்ணைக் கலக்காத சுத்தமான கலவையைப் பயன்படுத்துவதும்தான் காப்பு.

தினமும் காலையில் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் மெதுவாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தடவிவிடுவது என் வழக்கம். அசைவு படும் செடி உயரத்தைக் குறைத்துத் தண்டைத் தடிக்கவைக்கும். திறந்தவெளியில் காற்று செய்யும் வேலையை வீட்டுக்குள் கை செய்கிறது. தடவும்போது தண்டின் மெல்லிய ரோமங்கள் உரசி, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு பிசின் விரலில் ஒட்டும். தக்காளிச் செடிக்கே உரிய அந்தக் காரமான வாசனை கையை விட்டுப் போக வெகுநேரமாகும். புகையிலையைத் தொட்ட கையாக இருந்தால் மட்டும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். புகையிலைத் தேமல் வைரஸ் கை வழியாகவே தக்காளிக்குப் பரவும்.

இரண்டு உண்மையிலைகள் விரிந்ததும் ஒவ்வொரு நாற்றையும் தனித் தொட்டிக்கு மாற்றுகிறேன். மாற்றும்போது வித்திலைகள் வரை புதைத்துவிடலாம். தக்காளித் தண்டின் எந்தப் பகுதி மண்ணுக்குள் போனாலும் அங்கே வேர்விடும். நிலத்தில் நடும்போதும் இதையே செய்யலாம். கீழ் இலைகளை நீக்கிவிட்டு, தண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் விடலாம். பெரிய பழத்துக்குப் பெரிய வேர் வேண்டும் என்பதால் இந்த வசதியை நான் முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறேன். நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் வெயிலுக்கும் காற்றுக்கும் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் அவசரப்படாதீர்கள். குளிர்ந்த மண்ணில் முன்கூட்டியே நட்ட செடி ஊதா நிறம் பாரித்து நின்றுவிடும். பத்து நாள் கழித்து நட்ட செடி அதை எட்டிப் பிடித்துவிடும்.

செடிக்குச் செடி முக்கால் மீட்டராவது இடைவெளி வேண்டும். நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர வெயில் வேண்டும். தொட்டியில்தான் வளர்க்க முடியும் என்றால் 40 லிட்டருக்குக் குறையாத தொட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறியதில் செடி வளரும், காய்க்கவும் செய்யும். ஆனால் மண்ணின் ஈரம் காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பெரிய பழத்தின் முதல் எதிரி. மட்கிய தொழுவுரம் தாராளமாகக் கலந்த மண்ணுக்குத் தழைச்சத்து உரம் தனியாக அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. தழைச்சத்து மிஞ்சினால் கரும்பச்சையில் காடாக வளர்ந்து, பூப்பதையே செடி தள்ளிப்போடும். காய் பிடித்த பிறகு சாம்பல்சத்துதான் அதற்கு அதிகம் தேவை.

ஊன்றுகோலை நடவின்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். அரைக்கிலோப் பழங்கள் கொத்தாகத் தொங்கப்போகும் செடி என்பதை மறந்துவிட்டு மெல்லிய குச்சியை நடுபவர்கள், முதல் பலத்த காற்றிலேயே செடியைத் தரையில் பார்ப்பார்கள். என் செடிகளை இரண்டு தண்டுகளாக வளர்க்கிறேன். முதல் பூங்கொத்துக்கு நேர்கீழே இலைக்கணுவில் வரும் பக்கக்கிளையை மட்டும் விட்டுவைத்து, மற்றவை விரல் நீளம் ஆவதற்குள் கிள்ளிவிடுவேன். ஒற்றைத் தண்டாக மொட்டையடித்து வளர்த்தால் பழம் இன்னும் சற்றுப் பெரிதாகலாம். ஆனால் இலைநிழல் இல்லாத காயில் வெயில் நேராக விழுந்து, வெளுத்துக் காகிதமாய்க் காய்ந்த திட்டு உண்டாகும். சர்க்கரையை உண்டாக்குவது இலைதான். இலையைக் குறைத்துப் பழத்தில் ருசியை எதிர்பார்க்க முடியாது. கொத்துக்கு இரண்டு அல்லது மூன்று காய்களை விட்டுவிட்டு மீதியைச் சுண்டைக்காய் அளவிலேயே எடுத்துவிடுவது, கிளையை மொட்டையடிப்பதைவிட நல்ல வழி.

தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. இருந்தும் மகரந்தப்பையின் நுனித்துளை வழியாகத் தூள் உதிர அதிர்வு வேண்டும். சில காட்டுத்தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு பறக்கும் தசைகளை ரீங்காரமாக அதிரச் செய்து அதை உதிர்க்கின்றன. அவை வராத இடங்களில், காலைப் பனி உலர்ந்த பிறகு கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டால் போதும். இதைச் செய்யும் எனக்கும் செய்யாத அண்டை வீட்டாருக்கும் காய்ப்பில் தெரியும் வேறுபாடு, காற்றே இல்லாத நாட்களில் நன்றாகவே தெரிகிறது.

அந்த அண்டை வீட்டுப் பெண் ஒருமுறை அடிப்பக்கம் கறுத்துக் குழிந்த காய் ஒன்றைக் கையில் கொண்டுவந்து நின்றாள். “அக்கா, முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?” என்று கேட்டாள். இந்த நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நுனி அழுகல் ஒரு நோய் அல்ல. காயின் அடிநுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் அங்கே திசு இறந்துபோகிறது. ஆனால் மண்ணில் அந்தச் சத்து இல்லாததுதான் காரணம் என்பது பெரும்பாலும் உண்மையல்ல. சுண்ணாம்புச்சத்து வேரிலிருந்து ஏறும் நீரோடு மட்டுமே பயணம் செய்கிறது. ஓர் இடத்தில் சேர்ந்த பிறகு இன்னோர் இடத்துக்கு நகராது. இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் நீர் அதை நோக்கி விரைகிறது. மெழுகுத்தோல் போர்த்திய காய் ஆவியாக்குவது சொற்பம். அதற்குக் கிடைக்கும் நீரும் சொற்பம். மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்தால், அந்தச் சொற்பத்திலும் துண்டு விழுகிறது. காம்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் அடிநுனிதான் பட்டினி கிடக்கிறது. காய் வேகமாகப் பெருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் அது நிகழ்ந்துவிட்டால், பிறகு எதைப் போட்டும் இறந்த திசு திரும்பாது. முட்டை ஓடு மட்குவதற்கே நெடுங்காலம் ஆகும். “ஓடு இருக்கட்டும் அம்மா, செடியின் அடியில் உலர்ந்த இலையை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பு, தண்ணீரை ஒரே அளவாக விடு, அடுத்த கொத்தைப் பார்” என்றேன். அடுத்த கொத்து சுத்தமாக வந்தது.

வெடிப்பும் தண்ணீரால் வருவதே. பழுக்கத் தொடங்கும் தோல் நெகிழ்ச்சியை இழந்திருக்கும். வறட்சிக்குப் பின் திடீரென்று நீர் கிடைத்தால் உள்ளே சதை பெருக்கத் தோல் இடம் கொடுக்காமல் பிளந்துவிடும். பெரிய பழங்களில் காம்பைச் சுற்றி வளையமாகவோ, தோளிலிருந்து கீழ்நோக்கிக் கோடாகவோ பிளவு ஓடும். கனமழை வரப்போகிறது என்று தெரிந்தால், நிறம் மாறத் தொடங்கிய பழங்களையெல்லாம் பறித்துவிடுவேன். செடியிலேயே பழுத்தால்தான் ருசி என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் அடிநுனியில் முதல் இளஞ்சிவப்புத் தெரிந்துவிட்ட பழம் பழுப்பதற்கான ஏற்பாட்டை உள்ளுக்குள் தொடங்கிவிட்டது. வெயில் படாத அறை வெப்பத்தில் வைத்தால் அது நன்றாகப் பழுக்கும். கொடியில் பழுத்ததோடு ஒப்பிட்டு நான் ருசித்துப் பார்த்தவரை சொல்லும்படியான குறை இல்லை.

நோய்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மண் இலைமேல் தெறிப்பதால்தான் இலைக்கருகல் பெரும்பாலும் கீழிருந்து தொடங்குகிறது. செடியின் அடியில் உலர்ந்த இலையைப் பரப்பும் மூடாக்கு அதைத் தடுக்கும். தரையிலிருந்து ஒரு முழம் வரை உள்ள இலைகளைச் செடி வளர்ந்தபின் எடுத்துவிடுவதும் உதவும். இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, மஞ்சளாகி, செடி குறுகி நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்ற செடிகளுக்குச் செய்யும் நன்மை. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். ஒரே இடத்தில் மாறி மாறி அவற்றையே நடாதீர்கள்.

பழைய பெரிய ரகங்களில் பழம் பழுத்த பிறகும் தோள் பச்சையாகவே நிற்பதுண்டு. கடைப் பழத்தின் சீரான சிவப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது குறையாகத் தெரியும். எனக்கு அதுதான் நம்பிக்கை தரும் அடையாளம். காய் ஒரே சீராக வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காக இருபதாம் நூற்றாண்டில் ஒரு மரபணு மாற்றத்தைத் தேடித் தேடி ரகங்களில் சேர்த்தார்கள். அந்த மாற்றம் என்ன செய்கிறது என்பதை 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. காயின் பசுங்கணிகங்களை, அதாவது பச்சையம் கொண்ட நுண்ணுறுப்புகளை, வளர்க்கும் மரபணு ஒன்று அதில் செயலிழந்துபோயிருக்கிறது. அதனால் பழத்தில் சேரும் சர்க்கரையும் குறைகிறது. அழகுக்காக இனிப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறோம். பச்சைத் தோளைச் சற்று ஆழமாக வெட்டி நீக்கிவிட்டு மீதியைச் சாப்பிடுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

நிறம் ஏறாமல் ஆரஞ்சாகவே நிற்பது வேறு கதை. 30 டிகிரிக்கு மேல் வெப்பம் தொடர்ந்தால் சிவப்பைத் தரும் லைக்கோப்பீன் உருவாவது தடைபடும். மஞ்சள் நிறமி மட்டும் சேரும். அப்படிப்பட்ட நாட்களில் பழத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து நிழலில் வைப்பதே சரி. குளிர்சாதனப் பெட்டியில் வேண்டாம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குளிரில் வைத்த பழத்தில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்களின் செயல்பாடு ஒடுங்கிவிடுவதும், வெளியே எடுத்து வைத்த பிறகும் அது முழுமையாக மீளாததும் தெரியவந்தது. சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருக்கும். மணம் மட்டும் போய்விடும். அது போனால் பெரிய தக்காளியில் மிஞ்சுவது ஈரமான சதைதான்.

நறுக்குவதற்குப் பல்வைத்த கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைத்துக் குறுக்காக, சுண்டுவிரல் தடிமனுக்கு வெட்டினால் எல்லா அறைகளும் ஒவ்வொரு துண்டிலும் வரும். துண்டிலிருந்து வழியும் கூழைக் கீழே விடாதீர்கள். சதையைவிடக் கூழில்தான் புளிப்பும், நாவில் நிற்கும் அந்த ஆழமான சுவையைத் தரும் குளுட்டமேட்டும் அதிகம். ஒரு சிட்டிகை உப்பு போதும்.

விதைக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் மிகப் பெரிய பழத்தைத் தேர்ந்தெடுத்து விதை எடுக்கிறார்கள். ஒரே செடியில் தொங்கும் சிறிய பழத்துக்கும் பெரிய பழத்துக்கும் மரபு ஒன்றே; எந்தப் பழத்தின் விதையைப் போட்டாலும் வரும் செடியில் வேறுபாடு இருக்காது. பார்க்க வேண்டியது செடியை. இதை அனுபவத்தில் கண்டுகொண்டவர் ஒஹையோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன். அவர் காலத்துப் பெரிய தக்காளிகள் மடிப்பும் பள்ளமுமாக இருந்தன. வழவழப்பான உருண்டைப் பழம் வேண்டி, வயலில் சிறந்த பழங்களைப் பொறுக்கி அவற்றின் விதையை ஆண்டுதோறும் போட்டுப் பார்த்தார், ஒன்றும் மாறவில்லை. பிறகு பழத்தை விட்டுவிட்டு, எல்லாக் காய்களும் ஒரே சீராக இருந்த ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். அதன் பழங்கள் சிறியவை. அந்த விதையை வளர்த்து, செடிகளிலிருந்து செடிகளாகத் தேர்ந்து, பழத்தைப் பெருக்கவைத்தார். 1870இல் ‘பாராகன்’ ரகம் வெளிவந்தது. நோயில்லாமல், வெயிலுக்குக் கருகாமல், கடைசிக் கொத்து வரை நல்ல காய் பிடித்த செடியாகப் பார்த்துத்தான் நானும் விதைக்கு அடையாளம் கட்டுகிறேன்.

பெரிய ரகங்களில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூல்தண்டின் நுனியான சூல்முடி மகரந்தக் கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூவில் அயல் மகரந்தம் எளிதாக ஏறிவிடும். விதைக்கென்று வைக்கும் கொத்தை, மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் கொத்தில் ஒரு நூலைக் கட்டிவைக்கிறேன். பழம் நன்றாகக் கனிந்த பிறகு கூழோடு விதையை ஒரு கண்ணாடிக் குவளையில் பிழிந்து, சிறிது நீர் விட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்க வைக்க வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையில் முளைப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நொதித்தல் அதைக் கரைத்துவிடுகிறது. மேலே வெண்ணிற ஆடை படர்ந்து, நல்ல விதை அடியில் தங்கியதும், மிதப்பதைக் கொட்டிவிட்டு, வடிகட்டியில் ஓடும் நீரில் அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த விதை சாம்பல் படிந்த மஞ்சளாக, நுண்ரோமங்களோடு இருக்கும். உறையில் ரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி, ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வைத்தால் நான்கைந்து ஆண்டுகள் வரை நன்றாக முளைக்கும். ஒரே செடியின் விதையை மட்டும் நம்பாமல், முடிந்தால் இரண்டு மூன்று நல்ல செடிகளிலிருந்து எடுத்துக் கலந்து வையுங்கள்.